எடைக்குப் போடுவதற்கு முன்: பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது?

பொங்கல் நெருங்கினால் எங்கள் வீட்டில் லாஃப்டைக் காலி செய்யும் படலம் தொடங்கிவிடும். பித்தளை அண்டா, உடைந்த மிக்ஸி ஜார், கல்யாணப் பத்திரிகைக் கட்டு எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக மூலையிலிருந்து அது வரும். ஒரு சிபியூ பெட்டி, மஞ்சள் பூத்த கீபோர்டு, எந்த மெஷினுக்குச் சொந்தம் என்று யாருக்கும் தெரியாத நாலைந்து ஒயர்கள். தூக்கிப் போட மனசு வராது, வைத்துக்கொள்ள இடம் இருக்காது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: எடைக்குப் போடுவது.

எடைக்குப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். இதுவரை செய்ததே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சரி.

முதலில் மேசை மேல் வைத்துப் பாருங்கள்

ஆன் ஆகவில்லை என்பதால் மெஷின் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு வருஷம் சும்மா கிடந்த சிபியூவை ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரையில் ஒன்றும் காட்டாமல் நிற்கும். பெரும்பாலும் ராம் எனும் நினைவகப் பட்டையின் முனையில் படிந்த அழுக்குதான் காரணம். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ராமைக் கழற்றி, பொன்னிறமாக இருக்கும் முனையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று பூட்டும் வரை அழுத்திப் பொருத்துங்கள். சர்வீஸ் கடையில் இதைத்தான் செய்துவிட்டுக் காசு வாங்குவார்கள். தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்கே போய் நிற்கிறதா? மதர்போர்டில் பொத்தான் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆன் ஆகிவிட்டதா? இப்போது நேர்மையாக ஒரு கேள்வி: இதை உங்கள் அண்ணன் பிள்ளைக்குப் படிக்கக் கொடுப்பீர்களா? ஒரு வீடியோ பாடம் திக்காமல் ஓட வேண்டும், கீபோர்டில் எல்லா எழுத்தும் விழ வேண்டும், சார்ஜரை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டால்தான் ஏறும் என்ற கதை இருக்கக் கூடாது. இதில் தேறாததை வேறொருவர் பிள்ளைக்குக் கொடுப்பது தானமில்லை. நம் வீட்டுக் குப்பையை அவர்கள் வீட்டுக்கு மாற்றி வைப்பதுதான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. இன்டெல் எட்டாம் தலைமுறை புராசஸருக்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதனால் நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்புகள்கூட இப்போது லாஃப்டுக்கு ஏறத் தொடங்கிவிட்டன. 64-பிட் புராசஸரும் 4 ஜிபி ராமும் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பிரவுசர், லிப்ரெ ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிரைவ்) போட்டால் எட்டு வருஷ லேப்டாப்பும் சுறுசுறுப்பாகிவிடும். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் ராம், எஸ்எஸ்டி, சார்ஜர் மூன்றையும் ஒரே மதியத்தில் முடித்துவிடலாம்.

2011-இல் தொடங்கி பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் பல வீடுகளில் இன்னும் பையோடு இருக்கிறது. ஆரம்ப காலத்தில் வந்தவற்றை மேலே சொன்னபடி சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கியது என்ற பாசம் வேறு, அது இன்று ஓடுமா என்பது வேறு. பென்டியம் 4 காலத்துப் பெட்டி, 1 ஜிபி ராம், பின்பக்கம் தொந்தி வைத்த பழைய மானிட்டர் இவற்றையெல்லாம் யாருக்கும் கொடுக்க முயல வேண்டாம். நேராக மறுசுழற்சிக்குத்தான்.

ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அப்பாவின் கம்ப்யூட்டரை ஒரு டியூஷன் சென்டருக்குக் கொடுத்தேன். கொடுக்கும் அவசரத்தில் டெஸ்க்டாப்பில் இருந்த ஃபோல்டர்களை மட்டும் டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு, பெரிய வேலை முடிந்த மாதிரி கிளம்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அங்கே பாடம் எடுக்கும் தம்பி கூப்பிட்டார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. பையன் ஒருத்தன் ஏதோ ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்திருக்கான். உங்க அப்பாவோட பென்ஷன் பேப்பர், பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வருது சார்." நல்ல மனிதர், சொன்னார். சொல்லாதவர் கையில் கிடைத்திருந்தால்?

ஊரின் பெயர்ப்பலகையைப் பிடுங்கிவிட்டால் ஊர் காணாமல் போய்விடாது. டெலிட் செய்வதும், விரைவு ஃபார்மட் செய்வதும் பெயர்ப்பலகையைப் பிடுங்குவதுதான். ஹார்ட் டிஸ்க்கில் தகவல் அப்படியே இருக்கும், அதன் மேல் வேறெதுவும் எழுதப்படும் வரை. ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்.

வேண்டியதை முதலில் வெளியே எடுங்கள். கல்யாண ஃபோட்டோ, காது குத்து வீடியோ இவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பது மற்றவற்றை: கடை வைத்திருப்பவர்களின் டேலி கணக்கு டேட்டா ஃபோல்டர், டவுன்லோட்ஸில் கிடக்கும் ஆதார் நகல், பத்திரத்தின் ஸ்கேன். வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அதை இன்னொரு மெஷினில் திறந்து பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். திறந்து பார்ப்பதுதான் முக்கியம். பாதி நகலானதை முழுசாக நினைத்து அழித்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் நிறைய.

அப்புறம் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். வாட்ஸ்அப்பை அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால் ஃபோனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் அதைத் துண்டியுங்கள். மேக்புக் என்றால் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து ஐக்ளவுடிலிருந்தும் வெளியே வர வேண்டும். இல்லையென்றால் வாங்கிக்கொண்டவருக்கு அது பூட்டிய பெட்டிதான்.

இப்போது அழிப்பது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். அங்கேயே நின்றுவிடாமல் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' தட்டி 'கிளீன் டேட்டா' என்பதை ஆன் செய்யுங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான். அது ஆஃப் ஆக இருந்தால் மேலோட்டமான துடைப்புதான் நடக்கும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு, கரன்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

விண்டோஸே கிளம்பவில்லை, ஆனால் மெஷின் ஓடுகிறது என்றால் ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ஹார்ட் டிஸ்க் முழுக்க அழிக்கலாம். ஏழு முறை, முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு முழுக்க ஒருமுறை எழுதினாலே போதும். இரண்டு டிஸ்க் இருந்தால் எதை அழிக்கிறோம் என்று இருமுறை பாருங்கள். பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையிலேயே வைத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி சமாசாரம் வேறு. அது தேய்மானத்தைச் சமமாக்க எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும். மேலே எழுதினாலும் எல்லா அறைக்கும் எழுத்து போய்ச் சேராது. தயாரித்த நிறுவனம் தரும் மென்பொருளிலோ சில லேப்டாப்புகளின் பயாஸிலோ (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) 'செக்யூர் இரேஸ்' என்று ஒரு வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் விண்டோஸில் பிட்லாக்கர் போன்ற குறியாக்கத்தை (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் வசதி) முழு டிரைவுக்கும் போட்டு, அப்புறம் ரீசெட் செய்யுங்கள். சாவி தொலைந்த பிறகு உள்ளே இருப்பது வெறும் குப்பை.

மெஷின் உயிரோடே இல்லையா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட எளிது. சிபியூவில் பக்கத்து மூடியைத் திறந்தால் உள்ளங்கை அளவில் கனமான உலோகப் பெட்டி, நான்கு ஸ்க்ரூ, இரண்டு ஒயர். லேப்டாப்பில் அதைவிடச் சின்னதாக, சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு இருக்கும். புதிய மாடல்களில் சூயிங் கம் பட்டை மாதிரி ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் எஸ்எஸ்டி. லேப்டாப்பைக் கவிழ்ப்பதற்கு முன் மேசையில் ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களை எந்த இடத்திலிருந்து எடுத்தீர்களோ அதே வரிசையில் ஒரு தாளில் செலோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நீளம் மாறிப்போன ஒரு ஸ்க்ரூ, திருப்பி மாட்டும்போது மதர்போர்டையே துளைத்துவிடும்.

கழற்றியதை உடைத்தே ஆக வேண்டும் என்றால், டிரில்லால் வட்டத் தகடு இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று ஓட்டை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், லேப்டாப் டிஸ்க்குகள் பலவற்றில் தகடு கண்ணாடியால் ஆனது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். எஸ்எஸ்டியில் ஒவ்வொரு கறுப்புச் சிப்பிலும் ஓட்டை விழ வேண்டும். ஓரத்தில் போட்டால் பயனில்லை. அடுப்பில் வைப்பது, தண்ணீரில் ஊற வைப்பது, காந்தம் காட்டுவது இதெல்லாம் சினிமாவில்.

யாருக்குக் கொடுப்பது

தூரமாகத் தேட வேண்டாம். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனின் பெண் டிப்ளமோ படிக்கிறாளா, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகன் டைப்பிங் கிளாஸ் போகிறானா என்று முதலில் கேளுங்கள். தெரிந்தவருக்குக் கொடுத்தால் ஒரு வசதி: ஏதாவது மக்கர் செய்தால் உங்களைக் கூப்பிடுவார்கள். கேட்கும்போது ஒரு வார்த்தை கவனம். "பழசு கிடக்கு, எடுத்துக்கிறீங்களா" என்பதும் "பாப்பாவுக்குப் பயன்படுமா, பார்த்துச் சொல்லுங்களேன்" என்பதும் ஒன்றல்ல. வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

அடுத்து ஊர் நூலகம், மாலை நேரப் படிப்பு மையம், தொண்டு நிறுவனம். கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதற்கு முன் ஃபோன் செய்து கேளுங்கள்: எத்தனை மெஷின் ஓடுகிறது, யுபிஎஸ் இருக்கிறதா, பழுதானால் யார் பார்ப்பார்கள், இனி வேண்டாம் என்று ஆகும்போது எங்கே கொடுப்பீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் இடத்தைத் தாராளமாக நம்பலாம்.

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான். அங்கே ஒரு பொருள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால், அது கெட்டுப்போன பிறகும் லேசில் வெளியே போட்டுவிட முடியாது. 'கண்டம்' செய்ய, அதாவது இனிப் பயன்படாது என்று கழிக்க ஒரு நடைமுறை, அதற்குக் கையெழுத்துகள். ஒரு வருஷத்தில் படுத்துவிடும் மெஷினைக் கொடுத்தால் பத்து வருஷத்துக்கு அவர்கள் அலமாரியை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று இருப்பவர்களுக்கு, பொதுமக்கள் அரசுப் பள்ளிகளுக்கு உதவுவதற்காக 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது.

வரியில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பணமாகக் கொடுத்தால்தான். பொருளாகக் கொடுத்ததற்கு இல்லை.

முழுசாகக் கொடுங்கள்

ஒரு முறை ஒரு பள்ளிக்கு இரண்டு மானிட்டர் கொடுத்தேன். ஆறேழு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது, நான் கட்டிக் கொடுத்த அதே சணல் கயிற்றோடு பீரோ மேல் இருந்தன. மானிட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் விஜிஏ கேபிளை நான் வீட்டிலேயே மறந்திருக்கிறேன். வாத்தியார் பாவம், கேட்கச் சங்கடப்பட்டு விட்டுவிட்டார். நூறு ரூபாய் சமாசாரம்.

அதனால் பவர் ஒயர், மானிட்டர் கேபிள், மவுஸ், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே அட்டைப் பெட்டியில் போடுங்கள். சார்ஜரில் எந்த லேப்டாப்புக்கு என்று எழுதி ஒட்டுங்கள். பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் வையுங்கள். மெஷினில் குறை இருந்தால் மறைக்காமல் அதே தாளில் குறிப்பிடுங்கள்: "பேட்டரி 40 நிமிஷம்தான் நிற்கும்", "இடது பக்க யுஎஸ்பி வேலை செய்யாது." விண்டோஸ் பார்த்துப் பழகியவருக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தால், பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தமிழில் எப்படித் தட்டுவது, ஃபைல் எங்கே சேமிக்கும், எப்படி அணைப்பது, இந்த மூன்று போதும். சீரியல் நம்பரோடு "இன்ன தேதியில் இன்னாருக்குக் கொடுத்தேன்" என்று ஒரு துண்டுத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. நிறுவனமாகக் கொடுப்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

கொடுக்க முடியாததை எங்கே சேர்ப்பது

லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்டிருக்கும். வீட்டுக் குப்பையோடு போடாதே என்று அர்த்தம். உள்ளே இருப்பவை அப்படி. தொந்தி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கொஞ்சம் பழைய எல்சிடி திரைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய குழல் விளக்கில் பாதரசம். சர்க்யூட் பலகைகளில் பற்றவைத்த ஈயம், தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் வேதிப்பொருள்கள்.

காயலான் கடைக்காரர் வில்லன் இல்லை. தெருத் தெருவாக வந்து சேகரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சிக்கல் அவருக்குப் பிறகு. தொந்தி மானிட்டர் போய்ச் சேரும் இடத்தில் கழுத்தில் இருக்கும் செம்புச் சுருளை உருவிக்கொண்டு கண்ணாடியை உடைத்துக் காலி மனையில் கொட்டுவார்கள். ஒயரைக் கொளுத்திச் செம்பை எடுப்பார்கள். அந்தக் கரும்புகையில் டையாக்சின் என்ற நச்சு இருக்கும். பலகையை அமிலத்தில் முக்கித் தங்கப் பூச்சை எடுத்துவிட்டு, மிச்ச அமிலம் சாக்கடைக்கு. முறைப்படி செய்தால் ஆகும் செலவையெல்லாம் மிச்சம் பிடிப்பதால்தான் அங்கே உங்களுக்கு இருநூறு முந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது. ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2022-இல் அறிவித்த மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. தயாரிப்பாளர், பழுது நீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் எல்லோரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கழிவு முறைப்படி மறுசுழற்சி ஆவதற்கான பொறுப்பு தயாரிப்பாளருக்கே உண்டு. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இதுதான்: டெல், எச்பி, லெனோவோ போன்ற பெரிய நிறுவனங்களின் இந்தியத் தளத்தில் திரும்பப் பெறும் வசதிக்கான பக்கத்தைப் பாருங்கள். அல்லது மத்திய வாரியம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இவற்றின் தளத்தில் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியலை எடுத்து, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரை அழையுங்கள்.

அழைத்தால் பெரும்பாலும் வரும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ சார்?" ஒரு கீபோர்டுக்காக வண்டி அனுப்ப அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இதற்கு நான் கண்ட வழி, அபார்ட்மென்டிலோ தெருவிலோ ஒரு நாள் குறித்து எல்லா வீட்டிலிருந்தும் சேர்ப்பது. நாற்பது வீட்டில் கேட்டால் ஒரு மினி வேன் நிறையும். போகிக்கு முந்தின ஞாயிறு ரொம்பப் பொருத்தம். எப்படியும் எல்லோரும் லாஃப்டைக் காலி செய்துகொண்டிருப்பார்கள். அறிவிப்பில் "ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கொண்டுவரவும்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். வண்டி வந்ததும் வாரியப் பதிவுச் சான்றின் நகலை வாங்கிப் பாருங்கள். எடை போட்டு, என்னென்ன பொருள் என்று எழுதிய ரசீதை வாங்காமல் ஏற்றாதீர்கள். ரசீது தர யோசிப்பவர் பெரும்பாலும் வாங்கியதை அடுத்த காயலான் கடைக்கே தள்ளுபவர்.

அலுவலகம் நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் 1,000 மின், மின்னணுப் பொருள்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் விதிப்படி மொத்த நுகர்வோர் ('பல்க் கன்ஸ்யூமர்'). பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்கலாம்.

பேட்டரி மட்டும் தனியாக

லேப்டாப் கீழே சமமாக உட்காராமல் ஆடுகிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்பிவிடுங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. உள்ளே ஒட்டிய பேட்டரி என்றால் சர்வீஸ் கடையில் கழற்றச் சொல்லி, இணைப்பு முனைகளில் டேப் ஒட்டி, ஒரு தகர டப்பாவில் மணல் போட்டு அதில் வைத்து, பால்கனி மாதிரி திறந்த இடத்தில் வையுங்கள். வண்டிக்காரரிடம் பெட்டியோடு சேர்க்காமல் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். பேட்டரிகளுக்கு 2022 முதல் தனி விதிகளே இருக்கின்றன.

யுபிஎஸ் பேட்டரியில் இந்தத் தொல்லை குறைவு. உள்ளே ஈயம் என்பதால் புதிது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துவிடுவார்கள். கவிழ்க்காமல் எடுத்துப் போங்கள், அமிலம் துணியில் பட்டால் ஓட்டைதான்.

பிரின்டரின் டோனர் கார்ட்ரிட்ஜைக் குலுக்காமல் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுங்கள். மிச்சம் இருப்பது அந்த ஒயர்க் கட்டு. யாருக்குச் சொந்தம் என்று தெரியாதவற்றில் ஒரு பவர் ஒயர், ஒரு விஜிஏ, ஒரு எச்டிஎம்ஐ மட்டும் எடுத்து வையுங்கள், அடுத்த முறை மானிட்டர் கொடுக்கும்போது தேவைப்படும். மற்றதெல்லாம் வேனில்.